அந்த வீட்டில் என்ன குடித்தீர்கள்?

அடுத்த மாதம் புதுக்கோட்டையில் திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு கூடுகை வைத்திருக்கிறார்கள். அதில் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு, 'தலைவர்களும் மெய்யான விடுதலையும்'. நேரம் நாற்பது நிமிடம். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழில் 'ஆயர் எஸ்தர், ஓய்வு' என்று போட்டு, என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் படம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "யாரு இந்தப் பொண்ணு, நல்லாருக்கே" என்றார்.

கூப்பிட்ட இளம் ஆயரே அன்று சாயங்காலம் மறுபடி போன் பண்ணினார். இந்தமுறை கூடுகையைப் பற்றி இல்லை. அவருடைய சபையில் ஒருவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கிறதாம். பழைய கடிதத்தின் மாதிரி ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். ஒழுங்கு நடவடிக்கை என்றால், தவறு செய்தவரைச் சில மாதங்களுக்குத் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கவிடாமல் நிறுத்திவைப்பது. அதற்கென்று எங்கள் சபையில் ஒரு படிவம் உண்டு. "இப்ப ரொம்ப ஈஸியா பண்ணிட்டாங்க அக்கா. புது ஃபார்ம்ல அந்த மொதல் கட்டத்தையே தூக்கிட்டாங்க" என்றார்.

அந்த முதல் கட்டத்தில் இருந்தது ஒரே வரிதான்: 'ஆயர் தனியே வீட்டுக்குச் சென்று சந்தித்த நாள்.'

போனை வைத்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தக் கட்டத்தில் நான் ஒருமுறை பொய் எழுதியிருக்கிறேன். அந்தப் பொய்யிலிருந்து வெளியே வந்த வழிதான் விடுதலையைப் பற்றி எனக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே விஷயம். மற்றதெல்லாம் நான் முப்பது வருஷம் செய்த பிரசங்கம். கூடுகையில் இதைச் சொல்ல விடுவார்களோ மாட்டார்களோ, முதலில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆயராக வந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அப்பா ஆலங்குடியில் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கியவர். இறையியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தேன். என்னோடு படித்த ஆண்களுக்கு இரண்டு வருஷத்தில் குருப்பட்டம் கிடைத்தது. எனக்கு ஏழு வருஷம் ஆனது. பட்டம் வாங்கியபோது எங்கள் பகுதியில் வெள்ளை அங்கி போட்ட பெண் நான் ஒருத்திதான். என்னை எப்படிக் கூப்பிடுவது என்றே ஜனங்களுக்குத் தெரியவில்லை. பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி. போகட்டும் என்று என்னையும் அப்படியே கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டராக இருந்த என் வீட்டுக்காரர் ஜெயராஜ் பாடுதான் திண்டாட்டம். பாஸ்டரய்யா என்று நினைத்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் குழந்தைக்கு ஜெபம் பண்ணச் சொன்னவர்கள் உண்டு. அவரும் சளைக்காமல் ஜெபித்துவிட்டு டிக்கெட் கிழிப்பார்.

சிரிக்க முடியாத சங்கதிகளும் இருந்தன. டவுன் சபை ஒன்றில் உதவி ஆயராக முதல் திருவிருந்து பரிமாறிய நாளில், நான் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்த ஒரு பெரியவர் முழங்காலிலிருந்து எழுந்து, இன்னொரு ஆயர் பரிமாறிய பக்கத்துக்குப் போய் மறுபடி முழங்கால் போட்டார். சபை முழுக்கப் பார்த்தது. கிண்ணத்தோடு அடுத்தவரிடம் போனேன். அன்றைக்கே ஒரு தீர்மானம் எடுத்தேன்: இனிமேல் ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. ஆண் ஆயர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் ஐயாவுக்கு வேலை ஜாஸ்தி என்பார்கள். நான் வந்தால், சோறாக்கி வச்சிட்டு வாராங்க போல என்பார்கள். அதனால் பத்து நிமிடம் முன்பே போய் நின்றேன். எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தேன். அதை நல்ல தீர்மானம் என்றே பல வருஷம் நம்பினேன். என் காலுக்கு நானே விலங்கு பூட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

பிறகு ஆலங்குடிப் பக்கத்துச் சேகரம் ஒன்றுக்கு ஆயராக என்னை அனுப்பினார்கள். சேகரம் என்றால் ஒரு பெரிய ஆலயமும் அதைச் சுற்றிய ஏழெட்டுக் கிராமத்துச் சின்ன ஆலயங்களும் சேர்ந்தது. எங்களைப் போன்ற ஆயர்களுக்கு மேலே ஒரு மூத்த ஆயர் இருப்பார். அவரைச் சேர்மன் என்போம். அப்போது சேர்மனாக இருந்தவர் சாமுவேல் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் அவருடைய அலுவலகம் ஒரே அறை. யார் வந்தாலும், வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். அதிகம் பேசமாட்டார், பாராட்டவே மாட்டார். மை ஊற்றி எழுதும் பேனா ஒன்று வைத்திருந்தார். ஒழுங்கு நடவடிக்கைப் படிவத்தைக் கொண்டுபோய் வைத்தால், பேனாவைக் கையில் எடுப்பார், மூடியைத் திறக்கமாட்டார். இரண்டு கேள்வி கேட்பார்.

"வீட்டுக்குப் போனீங்களா?"

போனேன் என்றால் அடுத்தது.

"அந்த வீட்டுல என்ன குடிச்சீங்க?"

முதல் தடவை இதைக் கேட்டபோது நான் முழித்தேன். இரண்டு அண்ணன் தம்பிகள் வரப்புச் சண்டையில் ஆலய வாசலிலேயே கட்டிப் புரண்ட விவகாரம் அது. மூத்தவர் வீட்டுக்கு நான் போயிருந்தேன், ஆனால் வாசலில் நின்றே பேசிவிட்டு வந்திருந்தேன். ஒன்றும் குடிக்கவில்லை என்று சொன்னேன். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். "வாசல்ல நிக்கிறவங்ககிட்ட யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்கம்மா. உள்ள போயி உக்காந்து, அவங்க குடுக்குறதைக் குடிச்சீங்கன்னாத்தான் பேசுவாங்க" என்றார். மறுபடி போனேன். நீராகாரம் கொடுத்தார்கள், குடித்தேன். ஒரு மணி நேரம் பேசினோம். முடிவில் அந்த மூத்தவரே ஆள் விட்டுத் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் படிவத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

எங்கள் சபை ஒழுங்கு அதுதான். ஒருவர் தவறினால் ஆயர் முதலில் தனியாகப் போக வேண்டும். கேட்காவிட்டால் சபையில் பொறுப்புள்ள பெரியவர்கள், அதாவது மூப்பர்கள், இரண்டு பேரோடு போக வேண்டும். அதற்கும் பிறகுதான் கமிட்டி, தீர்மானம், சேர்மன் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. ஆண்டவர் தம் சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை அது. வரிசையை மாற்ற எந்தத் தலைவருக்கும் அதிகாரம் கிடையாது. இது எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்தவள்தான் தவறினேன்.

எங்கள் சேகரத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே லீதியாள் என்று ஒருவர் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் தவறிவிட்டார், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார், தனியாக இருந்தார். அவருடைய குடும்பத்தில் அவர் ஒருவர்தான் கிறிஸ்தவர். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவருடைய உள்ளங்கை இரண்டும் கறுத்துக் கிடக்கும். திருவிருந்தில் அப்பம் வாங்க அவர் கையை நீட்டும்போது, மற்ற எந்தக் கையையும்விட அந்தக் கை எனக்கு ஞாபகம் இருக்கும்.

ஒருநாள் சேகர கமிட்டியில் செயலாளர் தங்கராஜ் வாத்தியார் தன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். அம்மன் கோயில் திருவிழா. லீதியாள் பொங்கல் பானையைக் கையில் ஏந்தி நிற்கிறார். நெற்றி நிறையத் திருநீறு. கமிட்டியில் பேச்சு சூடானது. வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஆம்பள ஆயரா இருந்தா இந்நேரம் லெட்டர் போயிருக்கும்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கிண்ணத்தைப் பார்த்து எழுந்துபோன பெரியவர்தான் என் கண்முன் வந்தார். இந்த வாரமே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். லீதியாள் வீடு பூட்டியிருந்தது. கொட்டகைக்குப் போயிருக்கிறார், அங்கிட்டுத்தான், கொஞ்ச தூரம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பதினொன்றரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது. அதை விட்டால் மூன்று மணிக்குத்தான் அடுத்த பஸ். ஓடிப்போய் ஏறிவிட்டேன். படிவத்தின் முதல் கட்டத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதினேன். என் பேச்சை நம்பி இரண்டு மூப்பர்களும், தாங்கள் போகாமலே, கையெழுத்துப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் மடியில் அந்தப் படிவம் இருந்தது. திருவரங்குளத்தில் பஸ் நின்றபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இறங்கவில்லை. சாமுவேல் ஐயா அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், அடுத்த சேர்மன் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அதை மறைக்க விரும்பவில்லை.

பேனாவை எடுத்தார். வீட்டுக்குப் போனீர்களா என்றார். போனேன் என்றேன். அது வரைக்கும் பாதி உண்மை. அந்த வீட்டில் என்ன குடித்தீர்கள் என்றார்.

"டீ, ஐயா" என்றேன்.

மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானே கடிதத்தை வாசித்தேன். மூன்று மாதம் திருவிருந்து நிறுத்தம். அதன் முடிவில் சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படுவார். லீதியாள் பாயில் உட்கார்ந்தபடி முழுவதும் கேட்டார். அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. இனி ஆலயத்துக்கு வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து தொடங்கும்போது மட்டும் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நிற்பார். முடிந்ததும் உள்ளே வந்து கடைசி ஆசீர்வாதத்துக்குத் தலை குனிவார். ஜன்னல் வழியாக அவருடைய முக்காடு எனக்குத் தெரியும். அவர் வராமல் இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது மாதம் லீதியாளின் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. நான் துக்கத்துக்குப் போகவில்லை. ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர், அதுவும் கோயில் கும்பிடுகிறவர்கள் வீட்டுச் சாவு, கமிட்டி என்ன சொல்லுமோ என்று பயந்தேன். இத்தனை வருஷ ஊழியத்தில் நான் மிகவும் வெட்கப்படும் விஷயங்களில் இது ஒன்று.

மூன்று மாதம் முடியப்போகிற வாரம், சேர்த்துக்கொள்வதற்கான தாளில் அவருடைய கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. கொட்டகைக்கே போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். லீதியாள் எண்ணெய் ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்து வாங்க என்றார். தாளை நீட்டினேன்.

"கையெழுத்துப் போடுறேன் பாஸ்டரம்மா. வந்து நிக்கவும் செய்றேன். ஆனா நின்னு என்ன தப்புன்னு சொல்லணும்? அதை மட்டும் சொல்லிக் குடுங்க" என்றார்.

திருநீறு பூசியதைச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஒரு கொட்டையை எடுத்து உடைத்து, பருப்பைத் தனியாகப் போட்டுவிட்டுப் பேசினார்.

"அது எங்க ஆத்தா பூசுனது. நான் ஞானஸ்நானம் வாங்குனதுலேருந்து ஆத்தா எங்கிட்டப் பேசல. பதினோரு வருசம். அன்னைக்குத் தம்பி வந்து, ஆத்தாவுக்கு முடியல, ஒன்னையப் பாக்கணுங்குதுன்னு கூப்புட்டான். போனேன். கோயில் வாசல்ல உக்காந்திருந்துச்சு. இந்தப் பானைய என்னால தூக்க முடியலடி, தூக்கி வையின்னுச்சு. வச்சேன். குனிஞ்சப்ப நெத்தியில பூசி விட்டு, மொகத்தைத் தடவி அழுதுச்சு. பதினோரு வருசம் கழிச்சு எங்க ஆத்தா கை எம்மேல பட்டுச்சு பாஸ்டரம்மா. அதை எப்படித் தொடைக்கிறது? தொடச்சிருக்கணும்னு நீங்க சொன்னா, ஞாயித்துக்கெழம நின்னு மன்னிப்புக் கேக்குறேன்."

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"யாரு கேட்டா?" என்றார் லீதியாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திருநீறு பூசியது சரியா, தவறா என்று கமிட்டி வாரக் கணக்கில் உட்கார்ந்து பேசட்டும். அதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் ஒரு மனுஷியைக் கேட்காமலே அவரை ஆண்டவருடைய பந்தியிலிருந்து எழுப்பி வெளியே நிறுத்தியது நான். தவறு என்று ஒன்று அங்கே இருந்தால், அது என் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நிற்க வேண்டியது யார் என்று எனக்கு அந்த ரோட்டிலேயே தெரிந்துபோனது. இந்தமுறை பதினொன்றரை பஸ் வந்தபோதும் நான் ஓடவில்லை.

முதலில் தங்கராஜ் வாத்தியாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பெண் ஆயர் வேண்டாம் என்று சேகரமே சொன்னபோது, எனக்காகத் தனி ஆளாய்ச் சண்டை போட்டவர். அதனால்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. நடவடிக்கையை ரத்து செய்து ஒரு கடிதம் போட்டால் போதும், நீங்கள் எதற்காக நிற்க வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நின்னா ஒங்களோட முடியாது. நாளைக்கு இன்னொரு பொம்பளப் புள்ளைய ஆயரா அனுப்புனா, இந்தக் கதையச் சொல்லித்தான் வேணாம்பாங்க. அதை யோசிச்சீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஜெயராஜிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "பொய் சொல்லாத பொம்பள ஆயர்தான் வேணும்னா, அப்படி ஒருத்திய அவங்க தேடிக்கட்டும். நீ போயி நில்லு. நின்னுட்டு வா, சோறு வச்சிருக்கேன்" என்றார்.

மறுநாள் சாமுவேல் ஐயாவிடம் போனேன். நான் உட்காரட்டும் என்று நின்றார். நான் உட்காரவில்லை. வீட்டுக்கு உள்ளே போகவில்லை, டீ குடிக்கவில்லை, நான் சொன்ன இரண்டும் பொய் என்றேன். லீதியாள் சொன்னதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகம் சிவந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"என் கையெழுத்தையும் சேத்துல்ல பொய்யாக்கிட்டீங்க" என்றார்.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன் என்றேன். அந்த இடத்தில் நிற்கிறவரால் அன்றைக்குத் திருவிருந்து பரிமாறவும் முடியாது, வாங்கவும் முடியாது, அதனால் ஆராதனைக்கு நானே வருகிறேன் என்றார். ஒழுங்கு என்றால் அவருக்கு ஒழுங்குதான். கடைசியாக, "சேர்மன் லிஸ்ட்ல ஒங்க பேரு இருக்கு. இதுக்கப்புறம் இருக்காது. தெரியும்ல?" என்றார்.

"தெரியும் ஐயா" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் உடம்பே லேசானது.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். சேகரத்தின் சாவி, முத்திரை, பிரசங்க மேடை எல்லாம் என்னிடம் இருந்தன. ஏன் என்று கேட்க ஊருக்குள் ஆளில்லை. அதைத்தான் தலைவர்கள் விடுதலை என்று நினைக்கிறோம். ஆனால் என்னால் ஒரு உண்மையான வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் இருந்தது. குறை வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பதவி மேல் ஆசை ஒரு பக்கம், இரண்டும் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போயின. எங்கள் ஆண்டவர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். தாம் யார் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதனால் அவரால் முடிந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்தோறும் நானும் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவேன். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கி போடாமல், சாதாரண நூல் சேலையில் அந்தக் கிராமத்து ஆலயத்துக்குப் போனேன். ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில், தவறியவர்கள் நிற்கும் இடத்தில் சபையைப் பார்த்து நின்றேன். மூன்று விஷயம் சொன்னேன். லீதியாள் வீட்டுக்கு உள்ளே போகாமலே போய்ச் சந்தித்ததாக எழுதினேன். குடிக்காத டீயைக் குடித்ததாகச் சேர்மன் ஐயாவிடம் பொய் சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒரு சகோதரியை மூன்று மாதம் வெளியே நிறுத்தினேன். லீதியாள் ஏன் பானையைத் தூக்கினார் என்பதை நான் சொல்லவில்லை. அது அவருடையது.

சாமுவேல் ஐயா முதலில், லீதியாள்மேல் எடுத்த நடவடிக்கை செல்லாது என்று அறிவித்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: சபையாரே, மன்னிக்கிறீர்களா? தங்கராஜ் வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மன்னிக்கிறோம் என்று குரல்கள் வந்தன. ஐயா லீதியாளைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எங்க வீட்டுல டீயே போடுறதில்லங்கய்யா. டீத்தூள் வாங்குறதே இல்ல. கடுங்காப்பிதான். நாளைக்கு வந்து குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சொல்றேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாமுவேல் ஐயா, "நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுத் திருவிருந்துக்கு அப்பத்தை எடுத்தார்.

நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். உள்ளே பாட்டு கேட்டது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆலயத்துக்குள் ஒன்றுமே தெரியாது, வெளிச்சுவரும் ஜன்னல் கம்பியும்தான் தெரியும். மூன்று மாதமும் லீதியாள் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் உள்ளேயிருந்து அவர் முக்காட்டை மட்டும் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லீதியாள் வந்து பக்கத்தில் நின்றார். உங்களுக்கு இப்போது தடை இல்லையே, உள்ளே போய் வாங்குங்கள் என்றேன்.

"இன்னொரு நாளு வாங்கிக்கிறேன். தனியா நிக்கிறது கஷ்டம் பாஸ்டரம்மா. எனக்குத் தெரியும்ல" என்றார்.

திருவிருந்து முடியும்வரை இரண்டு பேரும் குழாயடியிலேயே நின்றோம்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேர்மன் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த வருஷம் இன்னும் சின்ன சேகரம் ஒன்றுக்கு மாற்றினார்கள். எனக்குப் பின் அங்கே வந்தவர் ஆண். வாத்தியார் பயந்தது பலித்ததா, இல்லை அது வழக்கமான மாற்றம்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் மறுபடி நிற்பேன். ஏனென்றால் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, எந்தக் கமிட்டியிலும் எந்த மூலையிலிருந்து யார் என்ன முணுமுணுத்தாலும் நான் அதற்குப் பயந்து ஒன்றும் செய்ததில்லை. என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான உண்மையை நானே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லியாகிவிட்டது. இனி அவர்கள் எதைச் சொல்லி என்னைப் பயமுறுத்த முடியும்?

இனி அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமைக்கு வருகிறேன். பத்து மணிக்கெல்லாம் லீதியாள் வீட்டுக்குப் போனேன். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. உள்ளே பாய் போட்டிருந்தார். சுவரில் அவருடைய அம்மாவின் படம், நெற்றியில் திருநீறோடு. நான் போகாத துக்கத்தை அப்போதுதான் கேட்டேன். ரொம்ப நேரம் அம்மாவைப் பற்றியே பேசினார். கருப்பட்டி போட்ட கடுங்காப்பி, சூடாக, பெரிய டம்ளரில் கொடுத்தார். குடித்து முடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மன்னிச்சாச்சு. டம்ளரக் குடுங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துறேன்" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சாமுவேல் ஐயாவுக்குப் போன் பண்ணினேன். குடித்தேன் ஐயா என்றேன். என்ன என்று கேட்டார். கடுங்காப்பி, இரண்டு டம்ளர் என்றேன். பிறகு, "அப்ப அந்த ஃபார்ம்ல தேதியத் திருத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

திருத்தினேன். முதல் கட்டத்தில் இருந்த செவ்வாய்க்கிழமையின் தேதியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமையின் தேதியை எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். செல்லாத படிவம்தான் என்றாலும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அந்த இளம் ஆயர் என்னிடம் ஒரு மாதிரிக் கடிதம் கேட்டாரே, கூடுகைக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன்.